கதவைத் திறந்தபோது

கிரிம்ஸ்பியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்தெருவில்
மரண விசாரணை அலுவலகம்.
நான் அங்கே தட்டச்சுக்காரி.
சொன்னதைச் சொன்னபடி அடிப்பதுதான் வேலை.
பதினாறு வருடத்தில்
ஒரு கமாவைக்கூட நகர்த்தியதில்லை.

செவ்வாய்க்கிழமை வந்தது
வைடோட்டாஸின் வாக்குமூலம்.
குளிர்கிடங்கில் இரவு ஷிப்ட்.
லித்துவேனியாவிலிருந்து வந்து பதினொரு மாதம்.
அவன் சொல்லச் சொல்ல, தனக்குப் புரிந்தவரை
கான்ஸ்டபிள் பிரயனி எழுதியது.
நடுவில் ஒரு வரி:
'நான் கதவைத் திறந்தபோது
ட்ரெவர் ஏணியிலிருந்து விழுந்தார்.'

அடித்துவிட்டேன்.
அடுத்த வரிக்கு விரல் போகவில்லை.

புகைப்படம் நான்கைப் பார்த்தேன்.
கதவின் உள்பக்கத்தில்
ஏணிக்கால் உரசிய கறுப்புத் தடம்.
விழுந்தார் என்றால்
கதவு தள்ளியது, ஏணி சரிந்தது,
கைப்பிடியில் இருந்தது இவன் கை.
விழுந்திருந்தார் என்றால்
கதவு திறப்பதற்குள்
அவர் கான்கிரீட்டில் கிடக்கிறார்,
எவ்வளவு நேரமாகவோ.
இவன் கை வெறும் கை,
உறைகூடப் போடாத கை.

இரண்டுக்கும் நடுவே
ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து.
ஹேட்.

'ஆஃப்டர்' இருந்திருந்தால் கவலையில்லை.
முந்தியது இது, பிந்தியது இது என்று
வரிசை கட்டிவிட்டே அது உள்ளே வரும்.
அங்கே ஹேட் ஒருநாள் லீவு போட்டாலும்
யாரும் தேட மாட்டார்கள்.
'பிகாஸ்' கூடக் கொஞ்சம் பொறுப்பானது.
'வென்' அப்படியில்லை.
இரண்டு பேரையும் ஒரே வாசலில் விட்டுவிட்டுக்
கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.
யார் முதலில் வந்தது என்று கேட்டால்
வானத்தைப் பார்க்கும்.

விசாரணை அன்று
கம்பெனி வக்கீல் எழுந்தார். நல்ல கோட்டு.
'நீங்கள் கதவைத் திறந்துவிட்டிருந்தபோது
அவர் விழுந்தார், இல்லையா?'
ஹேட்டைக் கொண்டுதான் வந்திருந்தார்.
கொடுத்தது கதவுக்கு.

வைடோட்டாஸ் தலையாட்டப் போனான்.
மரியாதையாகக் கேட்டால்
எதற்கும் தலையாட்டுகிறவன் அவன்.
மொழிபெயர்ப்பாளர் யுர்கா வாயைத் திறந்து மூடினாள்.
விசாரணை அதிகாரி திருமதி ஹெஸ்லாப்
பேனாவைக் கீழே வைத்தார்.
'அவர் மொழியிலேயே சொல்லட்டும்.'

சொன்னான்.
எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.
கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடது கை மேசைமேல் மல்லாந்து விழுந்தது.
அப்படியே கிடந்தது.
யாரோ இருமினார்கள். ஹீட்டர் ஒருமுறை முனகியது.
அதன் பிறகுதான்
வலது கை மெல்ல எழுந்து
இல்லாத கைப்பிடி ஒன்றைத் திருகியது.

விழுந்திருந்தார், என்றாள் யுர்கா.
அடித்தேன்.
விசைகள் வேறு மாதிரி ஒலித்தன என்று சொன்னால்
அது பொய்.

இத்தோடு முடிந்திருக்கலாம்.
பிற்பகலில் ட்ரெவரின் மனைவி லினெட் பேசினாள்,
கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு.
'இரவு ஒன்றரைக்குப் போன் செய்தார்.
நான் தூக்கத்தில் இருந்தேன்.
என்ன சொல்ல வந்தாரோ
அதைச் சொல்லி முடிக்கும் முன்
வைத்துவிட்டேன்.'

இங்கேயும் ஒரு ஹேட் இருந்தது,
'பிஃபோர்' இழுத்துவந்த வாக்கியத்துக்குள்.
மற்ற ஹேட்டுகளுக்குப் பின்னால் போனால்
ஏதாவது கிடைக்கும்:
ஒரு தரை, ஒரு ஏணி, நேரம்.
இதற்குப் பின்னால் போனால் ஒன்றுமில்லை.
நடக்கவே நடக்காத ஒன்று
நடந்து முடிந்ததன் உடையைப் போட்டுக்கொண்டு
நின்றது.
இலக்கணம் இதை அனுமதிக்கிறது.
எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

சொன்னபடியே அடித்தேன்.
மூன்று பிரதி எடுத்தேன்,
விளக்கை அணைத்தேன்,
மீன் வாடைக் காற்றில் நடந்து
நான் நிறுத்தத்துக்கு வந்தபோது
ஐந்தேகால் பஸ்
போயிருந்தது.